ஒரு ஆளுக்கு ஒரு தட்டு: தனியாகச் சாப்பிடுபவருக்கு பெங்களூரு தர்ஷினிகள்

நின்றபடி சாப்பிடும் டிபன் கடையான பெங்களூரு தர்ஷினியின் கேஷ் கவுண்டரில் ‘சிங்கிள்’ என்பது ஒரு அளவு. இரண்டு இட்லி ஒரு வடை அதிகம், ஒன்றுக்கு ஒன்று போதும் என்றால் ‘சிங்கிள் இட்லி வடே’ என்று சொல்லுங்கள், பில் கைக்கு வந்துவிடும். ஏன் ஒன்று என்று யாரும் கேட்பதில்லை. ‘கல்யாணச் சாப்பாடு எப்போ போடப்போற?’ என்று ஊரிலிருந்து பெரியம்மாவும், ‘ஆப்ல இன்னும் யாரும் மாட்டலையா?’ என்று ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டே இருக்கும் வயதில், ஒண்டிக்கட்டையாகச் சந்தோஷமாக இருப்பவருக்கு இந்த நகரம் செய்துவைத்திருக்கும் ஆகச் சிறந்த ஏற்பாடு தர்ஷினிதான்.

தனி ஆளுக்கு ஒரு ஹோட்டல் ஒத்துவருமா என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். ‘எத்தனை பேர்?’ என்று கேட்டு, ‘ஒருத்தர்’ என்றதும் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து டேபிளைக் காட்டினால் அங்கே உங்களை அரை வாடிக்கையாளராகத்தான் பார்க்கிறார்கள். மெனுவும் அதையே சொல்லும். வட இந்திய கிரேவி ஒரு கிண்ணம் இரண்டு பேருக்கான கணக்கில் வருகிறது. இரண்டு ரொட்டியோடு பாதி கிண்ணம் மிஞ்சும், அதற்கும் சேர்த்தே காசு. ‘ஃபேமிலி ஹால்’ என்று பலகை மாட்டிய கடைகளில் தனியாக வந்த ஆணுக்கு உள்ளே இடமே கிடையாது. பிப்ரவரி 14 அன்று ஜோடிக்கு ஒரு விலை என்று செட் மெனு போடும் இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தர்ஷினியில் இந்தச் சிக்கல் எதுவும் எழாததற்குக் காரணம் அதன் அமைப்பு. 1980களில் ஜெயநகர்ப் பக்கம் தொடங்கி நகரமெங்கும் பரவிய முறை இது: முதலில் காசு, பிறகு பில், நின்றபடி சாப்பாடு. நாற்காலி இல்லை, ஆகவே எதிரே காலியாக இருக்கும் நாற்காலியும் இல்லை. இடுப்புக்கு மேல் உயரமுள்ள மேடையில் நான்கு பேர் தட்டு வைத்திருப்பார்கள், அந்த நால்வரும் ஒருவருக்கொருவர் அந்நியர். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சாப்பிட்டு நகர்ந்துவிடுவார்கள். யார் யாரோடு வந்தார் என்று பார்த்துச் சொல்லவே முடியாது.

ஆனால் தனியாக வருபவருக்கு இரண்டே கைகள். தவறு நடப்பது அங்கேதான். டிபனையும் காபியையும் ஒரே பில்லில் வாங்கலாம், ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. காபி கிளாஸ் சிறியது, இட்லி முடிவதற்குள் ஆறிவிடும். டிபன் கவுண்டரில் பில்லைக் கொடுக்கும்போது ‘காபி ஆமேலே’ (காபி அப்புறம்) என்று சொன்னால், பில்லில் டிபனை மட்டும் அடித்துவிட்டோ பில்லை லேசாகக் கிழித்தோ திருப்பித் தருவார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் வைத்தால் சாம்பாரில் நனைந்து எழுத்து போய்விடும். அடுத்தது, பாதி சாப்பிட்ட தட்டை விட்டு நகரவே கூடாது. துடைக்கும் ஊழியர் ஆளில்லாத தட்டைக் கண்டதும் எடுத்துவிடுவார், அது அவர் வேலை. இருவராக வந்தால் ஒருவர் காவல் இருக்கலாம். தனியாக வந்தால் சட்னி வாங்கப் போகும்போதும் தட்டு கூடவே போக வேண்டும். எப்படியும் கரண்டியால் தட்டில்தான் ஊற்றுவார்கள். முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொண்டால் பின்னால் நிற்பவரின் தட்டு தப்பிக்கும்.

இட்லி வாங்கும்போது ‘டிப்’பா தனியா என்று கேட்பார்கள். டிப் என்றால் சாம்பாரில் மூழ்கி வரும். பெங்களூரு சாம்பாரில் வெல்லம் சேரும், தஞ்சாவூர், திருநெல்வேலி நாக்குக்கு முதலில் இனிப்பாக இருக்கும். பழகும்வரை தனியாகவே வாங்குங்கள். இங்கே பெரும்பாலும் அரிசி ரவையில் இட்லி செய்வதால் நம் வீட்டு இட்லியைவிடக் கொஞ்சம் பரபரவென்று இருக்கும், அதைக் குறையாக நினைக்க வேண்டாம். சர்க்கரை இல்லாத காபி வேண்டுமென்றால் ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பல கடைகளில் கிளாஸின் அடியில் சர்க்கரை முன்பே போட்டிருக்கும்.

தனி ஆளுக்கு மிகவும் பொருந்தும் பண்டம் சௌசௌ பாத். ஒரு கரண்டி காராபாத் (கார ரவை உப்புமா), ஒரு கரண்டி கேசரிபாத் (ரவைக் கேசரி), ஒரே தட்டில். காரமும் இனிப்பும் ருசிக்க இன்னொரு ஆள் வந்து பங்கு போட வேண்டிய தேவையை யாரோ எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறார்கள்.

சங்கரபுரத்தில் 1965 முதல் நடக்கும் பிராமின்ஸ் காபி பாருக்கு எங்கள் முழு மதிப்பெண். இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், காபி என்று சில பண்டங்கள்தான். தோசை இல்லை, சாம்பாரும் இல்லை. சட்னி மட்டும் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். மெனு சின்னதாக இருப்பதால் வரிசை வேகமாக நகர்கிறது. வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் சிலர் நிற்பார்கள், சிலர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள், தனியாகப் பத்திரிகை படிப்பவரும் அவர்களில் ஒருவர். மல்லேஸ்வரம் 15ஆவது கிராஸ் பக்கம் இருக்கும் வீணா ஸ்டோர்ஸும் இதே ரகம். சாப்பாடு முழுக்க நடைபாதையில்தான். இட்லி மெத்தென்று இருக்கும், சட்னி தண்ணீராகவும் காரமாகவும் இருக்கும். அங்கே தட்டு வைக்க இடம் தேடுவதுதான் சிரமம், காலை ஒன்பதுக்குப் பிறகு நிறுத்திய ஸ்கூட்டர் சீட்டுகள்கூட மேஜையாகிவிடும்.

உட்கார்ந்து சாப்பிட ஆசையா? காந்தி பஜார் வித்யார்த்தி பவன் (1943), மல்லேஸ்வரம் 7ஆவது கிராஸ் சி.டி.ஆர்., லால்பாக் ரோடு எம்.டி.ஆர். (1924) ஆகிய மூன்றிலும் டேபிளைப் பகிர்ந்துகொள்வது வழக்கம், அது தனி ஆளுக்கு லாபம். ஆறு பேர் குடும்பம் ஒரு முழு டேபிள் காலியாகக் காத்திருக்கும்போது, மூவர் உட்கார்ந்த டேபிளின் நான்காவது நாற்காலி உங்களுக்குக் கிடைக்கும். பெயர் எழுதுபவரிடம் ‘ஒந்து சீட் சாகு’ (ஒரு சீட் போதும்) என்று சொல்லிவிட்டு அவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். ‘எஷ்டு ஜன?’ (எத்தனை பேர்?) என்று கேட்டால் ஆண் ‘ஒப்பனே’ என்றும் பெண் ‘ஒப்பளே’ என்றும் சொல்ல வேண்டும். தயங்கி, விளக்கம் சேர்த்துச் சொல்லாதீர்கள். வித்யார்த்தி பவனுக்கு வெள்ளி விடுமுறை, எம்.டி.ஆருக்குத் திங்கள். எம்.டி.ஆரில் ரவா இட்லியோடு குட்டிக் கிண்ணத்தில் நெய் வரும், சூடு தணியும் முன் ஊற்றிவிடுங்கள். இரண்டாம் உலகப் போர்க் கால அரிசித் தட்டுப்பாட்டில் அங்கே பிறந்த பண்டம் அது. மசால் தோசை ஒரு ஆளுக்கு ஒன்றே நிறைவு. இன்னொன்று வேண்டுமா என்று முதல் தோசை முடிந்த பிறகு யோசித்தால் போதும், சேர்த்து ஆர்டர் செய்தால் இரண்டாவது நமத்துப்போகும்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் பேச்சுக் கொடுக்கலாம். ‘எங்க வேலை, எந்த ஊரு, கல்யாணம் ஆச்சா?’ என்று வரிசையாக வரும். ‘இல்லை சார், சட்னியை இந்தப் பக்கம் தள்ளுங்க’ என்றால் பெரும்பாலும் பேச்சு சட்னிக்கே திரும்பிவிடும்.

தனியாக வரும் பெண்களுக்குக் காலைத் தர்ஷினி நல்ல இடம். தெருவைப் பார்த்த திறந்த முகப்பு, கண்ணெதிரே சமையல், நடைப்பயிற்சி முடித்து வரும் பாட்டிகள், பூ வாங்க வந்தவர்கள் என்று நல்ல நடமாட்டம். இரவில் கடை மூடும் நேரம் அப்படி இருக்காது, துடைப்பமும் வாளியும் வந்துவிடும்.

வார நாளில் ஏழிலிருந்து எட்டு மணிக்குள் போனால் வரிசையே இருக்காது. எட்டரைக்குப் பிறகு ஆபீஸ் கூட்டம். ஞாயிறு ஒன்பதுக்கு மேல் குடும்பங்கள். பிராமின்ஸுக்கு நேஷனல் காலேஜ் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். அங்கே சிங்கிள் இட்லி வடையோடு நிறுத்திக்கொண்டால், காந்தி பஜார் வரை நடந்து வித்யார்த்தி பவனில் ஒரு தோசைக்கு வயிற்றில் இடம் இருக்கும்.