உலைக்கு வாங்கிய தெர்மல் கேமரா: நான்கு வருடம் கழித்து

அம்பத்தூர் எஸ்டேட்டில் உலோகப் பாகங்களைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் பராமரிப்பு என் பொறுப்பு. எல்பிஜியில் எரியும் உலை இரண்டு. இரவும் பகலும் 900 டிகிரியில் ஓடுபவை. உள்ளே சூட்டை வெளியே விடாத செராமிக் ஃபைபர், வெளியே சில்வர் பெயின்ட் அடித்த இரும்புத் தகடு. இவற்றுக்காகத்தான் நான்கு வருடம் முன்பு, சூட்டைப் படமாகக் காட்டும் 320×240 பிக்சல் தெர்மல் கேமரா வாங்கினோம்.

வாங்கும்போது நான் முதலில் பார்த்தது, எத்தனை டிகிரி வரை காட்டும் என்பதை. 1200 வரை போகும் மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுத்தோம். பார்வைத் துளை வழியாக உள்சுவரையே பார்க்கலாம் என்று விற்க வந்தவர் சொன்னார். நடக்கவில்லை. துளையில் இருந்தது சாதாரணக் கண்ணாடி. இந்தக் கேமரா பார்க்கும் 8 முதல் 14 மைக்ரான் அலைக்கு அது சுவர் மாதிரி. கண்ணாடியைக் கழற்றினால் நடுவில் ஜுவாலை. எரிந்த வாயுவில் இருக்கும் நீராவியும் கார்பன் டை ஆக்ஸைடும் தாமும் வெப்பக் கதிரை வீசுவதால், சுவரின் சூடா வாயுவின் சூடா என்று தெரியாமல் எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஜுவாலையைத் தாண்டிப் பார்க்க 3.9 மைக்ரான் ஃபில்டர் போட்ட கேமரா வேண்டும். அந்த அலையை இந்த இரண்டு வாயுவும் பெரும்பாலும் மறிப்பதில்லை. கரி நிறைந்த எண்ணெய் ஜுவாலையில் அதுவும் தடுமாறும். விலையோ பல மடங்கு.

சரி, வெளிச்சுவருக்காவது உதவியதா? மிகவும். ஆனால் முதல் ஆறு மாதம் தப்பாகவே அளந்தோம். தகடு 58 டிகிரி என்று கேமரா சொன்ன இடத்தில், தொட்டு அளக்கும் தெர்மோகப்பிள் 85 காட்டியது. காரணம் சில்வர் பெயின்ட். அதன் எமிசிவிட்டி, அதாவது தன் சூட்டை வெப்பக் கதிராக வீசும் திறன், குறைவு. கேமராவில் நாங்கள் வைத்திருந்ததோ கறுப்பு மேட் பரப்புக்குப் பொருந்தும் 0.95. அப்புறம் உலையைச் சுற்றி இருபது இடங்களில் பைக் சைலன்ஸருக்கு அடிக்கும் கறுப்பு மேட் பெயின்டில் உள்ளங்கை அளவு வட்டம் போட்டோம். அன்றிலிருந்து இரண்டு அளவும் ஒட்டியே வருகின்றன. கேமரா வாங்குகிறவர்கள் கூடவே ஒரு டப்பா அந்தப் பெயின்டும் வாங்கிவிடுங்கள்.

பிக்சல் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எங்கள் 24 டிகிரி லென்ஸில் 3 மீட்டர் தள்ளி நின்றால் ஒரு பிக்சல் சுமார் 4 மில்லிமீட்டர். நம்பி அளக்கக் குறைந்தது 3×3 பிக்சல் வேண்டும். அதாவது 12 மில்லிமீட்டர். அதே லென்ஸோடு 160×120 வாங்கியிருந்தால் கதவு ஓரத்துச் சீல் கசிவு எங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது.

நேரமும் முக்கியம். பிற்பகலில் மேற்கு வெயில் ஷெட்டுக்குள் விழுந்தால் தகடு தானாகவே சுடும். அதனால் மூன்றாம் ஷிஃப்ட் முடியும் முன், விடியற்காலை ஐந்து மணிக்குப் படம் எடுக்கிறோம். ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்து வந்ததும் லென்ஸில் ஈரம் படியும். கால் மணி நேரம் ஷெட்டிலேயே வைத்திருந்துதான் தொடங்குவோம். ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நிற்க, தரையில் மஞ்சள் பெயின்டில் பாத அடையாளம் போட்டிருக்கிறோம்.

அந்த மாதப் படங்கள்தான் இந்தக் கேமராவின் முழு மதிப்பு. போன வருடம் எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி, "அண்ணே, இந்த மூலை மட்டும் மாசாமாசம் வெளுத்துக்கிட்டே வருது" என்று பழைய படங்களை வரிசையாகக் காட்டினான். படத்தில் வெளுப்பு என்றால் அதிகச் சூடு. மேல்மூலை வட்டம் 80 டிகிரியிலிருந்து 140-க்கு ஏறியிருந்தது. ஆயுத பூஜை விடுமுறையில் உலையை ஆறவிட்டுத் திறந்தோம். ஃபைபர் மாட்யூல்கள் (உள்சுவரில் அடுக்கிய கட்டிகள்) சுருங்கி, நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி. அதை அடைத்து, இரண்டு மாட்யூலை மாற்றியதோடு வேலை முடிந்தது. தகடு வளைந்த பிறகு தெரிந்திருந்தால் உலை பல நாள் நின்றிருக்கும்.

உள்பக்கம் பார்க்க, 3.9 மைக்ரான் கேமராவை வருடத்துக்கு ஒருமுறை வாடகைக்கு எடுக்கிறோம். அந்த 1200 டிகிரி ரேஞ்சை நான்கு வருடத்தில் ஒருமுறைகூட உருப்படியாகப் பயன்படுத்தவில்லை. அந்தப் பணத்துக்கு தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் ஒரு டெலி லென்ஸ் வாங்கியிருப்பேன். புகைபோக்கியின் மேல் பாதி இன்னும் எங்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை.