கமலாலயக் கரையில் காலை கூழ்

பிளஸ் ஒன் வந்ததிலிருந்து காலையில் ஒரு டீயும் பிஸ்கட்டும்தான் என் சாப்பாடு, இரண்டாவது பீரியடிலேயே தலை சுற்றும். திருவாரூர் கமலாலயக் குளத்துக்குப் பக்கத்தில் ஓர் அக்கா போடும் கூழ்க்கடைக்கு அம்மா சொல்லித்தான் போனேன், இப்போது இரண்டு மாதமாக டியூஷன் முடிந்து நேராக அங்கேதான்.

கம்பங்கூழ் சொம்பு முப்பது ரூபாய். முதல் நாள் இரவே கம்பை உடைத்துக் காய்ச்சிப் புளிக்க வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துத் தருகிறார், அந்த லேசான புளிப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மாங்காய்க் கீற்று, மோர்மிளகாய். அரிசியைவிடக் கம்பில் இரும்புச்சத்து அதிகம், மாங்காயில் இருக்கும் வைட்டமின் சி அதை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும், டீ தடுக்கும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தவள் நான், இது தெரிந்ததும் டீயோடு விழுங்குவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

ஒரே குறை உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், இங்கே கூழிலும் உப்பு, மோர்மிளகாயிலும் உப்பு. கேட்டால் "சரி பாப்பா, உனக்குத் தனியாக் கரைச்சுத் தரேன்" என்று உப்பில்லாமல் கரைத்துத் தருகிறார், தயங்காமல் கேளுங்கள். எட்டரைக்கு மேல் போனால் கம்பு தீர்ந்திருக்கும், கேழ்வரகுதான் கிடைக்கும், அதுவும் நன்றாகவே இருக்கும்.