சத்மாரா, அகுதாத் இஸ்ரேலா? சியோனிசத்தை மறுத்த இரு வழிகள்

யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற இயக்கம்தான் சியோனிசம். யூதர்கள் எதிர்பார்க்கும் மீட்பரான மேசியா வருமுன் அவர்கள் தாங்களாகவே அரசு அமைக்கக் கூடாது என்பது அதற்கு எழுந்த மதவழி எதிர்ப்பின் பழைய வாதம். 1948இல் இஸ்ரேல் பிறந்ததும் எதிர்த்தவர்களுக்குள்ளேயே பாதை பிரிந்தது.

தீவிர ஆசார யூதப் பிரிவான சத்மார் ஹசிதியர்களின் தலைவர் யோயல் டைட்டல்பாம் இம்மியும் இறங்கிவரவில்லை. 'கூட்டமாகச் சுவரேறிப் போகக் கூடாது', அதாவது பெருந்திரளாகப் புனித நாட்டுக்குத் திரும்பக் கூடாது என்ற, யூத மதச் சட்ட நூலான தல்மூதின் ஆணைதான் அவருக்குக் கடைசிச் சொல். ஜெருசலேமில் அவர் வழி நடப்பவர்கள் இன்றும் இஸ்ரேல் தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை. தங்கள் பள்ளிகளுக்கு அரசுப் பணமும் வாங்குவதில்லை. கொள்கைக்காக நிஜமாகவே இழப்பை ஏற்றவர்கள் என்ற மதிப்பு எனக்கு இவர்கள்மேல் உண்டு.

1912இல் தொடங்கிய அகுதாத் இஸ்ரேல் என்ற ஆசார யூதர்களின் அரசியல் அமைப்பு, சியோனிசக் கொள்கை வேண்டாம், ஆனால் அரசோடு சேர்ந்து நம் பள்ளிகளைக் காப்போம் என்றது. அதன் தலைவர் யிட்சாக் மெயிர் லெவின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார், அப்புறம் அமைச்சரும் ஆனார். பெண்களுக்குக் கட்டாயத் தேசிய சேவை என்ற பேச்சு வந்ததும் 1952இல் பதவியை விட்டார்.