சிறுநீர்வழிக் கோளாறுகள்: சாயமேற்றிய எக்ஸ்ரேயா, எம்.ஆர்.ஐ. ஸ்கானா?

யாழ்ப்பாணத்தில் பனையிலிருந்து விழுந்தோ மோட்டார் சைக்கிள் விபத்திலோ இடுப்பெலும்பு முறிந்த ஒருவருக்கும், ஆண்டுக்கணக்காகச் சலக்கடுப்போடு அலையும் ஒரு பெண்ணுக்கும் பழுது சிறுநீர்வழியிலேயே இருக்கக்கூடும். ஆனால் அதைக் காட்டித்தரும் படம் இருவருக்கும் ஒன்றல்ல.

ஆண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளமுடையது. அதில் ஒடுக்கம் இருப்பதாகச் சந்தேகித்தால், குறிநுனி வழியாக அயடின் சாயத்தைச் செலுத்தி எடுக்கும் ஆர்.ஜி.யூ. எக்ஸ்ரேயே முதற்படி. அது விரைவில் முடியும், செலவும் குறைவு. விபத்துக்குப் பின் குறிநுனியில் இரத்தம் தென்பட்டால், சிறுநீர் வடிக்கும் குழாயான கதீற்றரைப் போடுவதற்கு முன்னரே இப்படத்தை எடுப்பது வழக்கம். சாதாரண ஒடுக்கத்துக்கு எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. கேட்பது வீண்செலவு என்பதே என் கருத்து.

எனினும் சாயம் குழாயின் உட்புறத்தை மட்டுமே வரைந்து காட்டுகிறது. சுற்றியுள்ள பஞ்சு இழையத்தில் தழும்பு எவ்வளவு ஆழம் பரவியிருக்கிறது என்பது அதில் தெரியாது. நோயாளியைச் சரித்துப் படுக்கவைக்காமல் எடுத்தால், ஒடுக்கம் உள்ளதிலும் குட்டையாகத் தோன்றும். அல்ட்ராசவுண்ட், சிறுநீர்வழியின் முன்பகுதியில் (குறிப் பக்கம்) உள்ள தழும்பை நன்றாகவே காட்டும். சிறுநீர்ப்பையை ஒட்டிய பின்பகுதிக்கு அது அவ்வளவு உதவாது, செய்பவரின் கைத்திறனையும் பொறுத்தது.

எம்.ஆர்.ஐ. தன் பெறுமதியைக் காட்டுவது குழாய்க்கு வெளியே உள்ள விடயங்களில்தான். இடுப்பெலும்பு முறிவோடு சிறுநீர்வழி அறுந்துபோனவருக்குப் பெரும்பாலும் மூன்று மாதங்களின் பின்னரே சீரமைப்புச் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. அதற்கு முன் இரு முனைகளிலிருந்தும் சாயம் ஏற்றிப் படமெடுப்பார்கள். ஆனால் சிறுநீர்ப்பையின் கழுத்து திறக்காவிட்டால் மேலிருந்து சாயம் இறங்காது, இடைவெளியும் உண்மையிலும் பெரிதாகத் தெரியும். உண்மையான இடைவெளி எவ்வளவு, புரொஸ்டேட் எப்பக்கம் விலகியுள்ளது, தழும்பு எங்கே திரண்டுள்ளது என்பவற்றை எம்.ஆர்.ஐ. நேரடியாகக் காட்டும்.

பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர்தான். அதன் சுவரிலிருந்து பை போலப் பிதுங்கும் கோளாறில் போட்டிக்கே இடமில்லை: பையின் வாய் ஒடுங்கியோ அடைபட்டோ இருந்தால் சாயம் உள்ளே புகாது, எக்ஸ்ரேயும் ஏமாற்றிவிடும். எம்.ஆர்.ஐ.யில் டி2 எனப்படும் வகைப் படங்களில் பைக்குள் தேங்கிய திரவம் வெண்மையாகத் துலங்குவதால், அது சிறுநீர்வழியைக் குதிரைலாடம்போல் சுற்றியிருக்கிறதா, உள்ளே கல்லோ கட்டியோ உண்டா என்பது வரை அறியலாம். புற்றுநோய் எவ்வளவு ஆழம் ஊடுருவியது என்று பார்ப்பதற்கும் இதுவே பொருத்தம். மாறாக, ஆண் குழந்தைகளின் சிறுநீர்வழியில் பிறவியிலேயே உள்ள சவ்வு மடிப்பால் வரும் வால்வு அடைப்புக்குச் சலம் கழிக்கையில் எடுக்கும் சாயப் படமே போதும்.

நம் மண்ணுக்கென ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2009 இல் போர் முடிந்தாலும், ஷெல் துண்டுகளை உடலிலேயே சுமந்து வாழ்பவர்கள் இங்கு பலர். காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம் கண்ணுக்கோ முண்ணாணுக்கோ பெரிய இரத்தக்குழாய்க்கோ அருகில் இருந்தால் எம்.ஆர்.ஐ. ஆபத்தாகலாம், இடுப்பில் இருந்தாலோ, பார்க்கவேண்டிய இடமே படத்தில் சிதைந்துபோகலாம். ஆகவே பழைய காயத்தைப் பற்றி ஸ்கான் பிரிவில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; துண்டு எங்கே கிடக்கிறது என்பதைச் சாதாரண எக்ஸ்ரே ஒன்றே காட்டிவிடும்.