வசூல் வழக்கில் தவறாகச் சேர்க்கப்பட்ட டைரக்டர்: எந்த மனு கைகொடுக்கும்?

சரக்குக்குப் பணம் வரவில்லை என்று வணிக நீதிமன்றத்தில் வழக்கு. கம்பெனி முதல் பிரதிவாதி. பின்னாலேயே டைரக்டர்கள் அத்தனை பேரும். அவர்களில் ஒருவர் பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போட்டதுமில்லை, சொந்த ஜாமீன் கொடுத்ததுமில்லை. அவர் எந்த வழியில் வெளியே வருவது?

பலர் உடனே போடுவது சிவில் நடைமுறைச் சட்டத்தின் (சிபிசி) ஆர்டர் 7 ரூல் 11: பிராதையே, அதாவது வாதியின் வழக்குரையையே, நிராகரிக்கச் சொல்லும் மனு. என் பார்வையில் இவருக்கு அது உதவாது. நிராகரித்தால் முழுப் பிராதும் போக வேண்டும். கம்பெனி மேல் நிற்கட்டும், டைரக்டர் மேல் மட்டும் போகட்டும் என்று பிரிக்க முடியாது. செஜல் கிளாஸ் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். அதுவும் கம்பெனியோடு டைரக்டர்களையும் சேர்த்துப் போட்ட வசூல் வழக்கு! மேலும், இந்த மனுவில் பிராதும் வாதி வைத்த ஆவணங்களும்தான் பேசும். டைரக்டர் முன்பே விலகியிருந்தாலும் அவருடைய ராஜினாமா கடிதத்துக்கு அங்கே இடமில்லை.

ஆர்டர் 1 ரூல் 10(2) இவருக்காகவே இருப்பது போன்றது. தேவையில்லாமல் சேர்த்த பெயரை எந்தக் கட்டத்திலும் நீதிமன்றம் நீக்கலாம். வழக்கு மற்றவர்கள் மேல் தொடரும். இன்வாய்ஸ் தேதிகளையும், டிஐஆர்-12 படிவத்தில் (டைரக்டர் மாற்றத்தைக் கம்பெனி பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம்) பதிவான விலகல் தேதியையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மனுவோடு வையுங்கள். முதல் இன்வாய்ஸுக்கு முன்பே விலகியிருந்தால் அந்தத் தாளே பாதி வாதம். ஆனால் நீதிமன்றம் எழுவினாக்களை (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளை) வகுப்பதற்கு முன்பே நீங்கள் ஆட்சேபம் சொல்லிவிட வேண்டும். தவறினால் ரூல் 13 படி அதை விட்டுக்கொடுத்ததாகவே கொள்வார்கள்.

பிராதில் அவர் மேல் மோசடியோ, தனிப்பட்ட வாக்குறுதியோ சொல்லியிருந்தால் இந்த மனுவும் திணறும், 'விசாரணையில் பார்க்கலாம்' என்று போய்விடும். அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லையென்றால் ஆர்டர் 13-ஏ, அதாவது முழு விசாரணை இல்லாமலே தரும் சுருக்கத் தீர்ப்பு, நல்ல வழி. அழைப்பாணை வந்த பின், எழுவினாவுக்கு முன் பிரதிவாதியும் கேட்கலாம். கிடைத்தால் அவர் மேலான கோரிக்கையே தீர்ந்துவிடும். உழைப்பு அதிகம், ஆர்டர் 37-இல் சுருக்க வழக்காகப் போட்டதற்கு இது பொருந்தாது.

எதைப் போட்டாலும் எதிருரையை, அதாவது பிராதுக்கு எழுத்தில் தரும் பதிலை, தள்ளிப்போடாதீர்கள். அழைப்பாணை கிடைத்ததிலிருந்து 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 120 நாள் வரை. மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. 121-ஆம் நாள் எதிருரை போடும் உரிமையே போய்விடும்.