கார் பெயின்டில் மரப்பிசின்: வெந்நீரா, தேங்காய் எண்ணெயா?

கடலூர் வெயிலுக்கு எந்த மரத்தடி கிடைத்தாலும் காரை விட்டுவிடுகிறோம், ஆனால் எந்த மரம் என்று பார்த்தால்தான் எதைக்கொண்டு எடுப்பது என்று தெரியும். வேம்பு, முந்திரி என்றால் என் ஓட்டு வெந்நீருக்கு. அந்தப் பிசின் தண்ணீரில் ஊறும், அதனால் கை பொறுக்கிற சூட்டில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்து மேலே போட்டு, ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தால், தேன் நிறத்தில் கல்லாக இருந்தது கொழகொழவென்று உப்பி, தேய்க்காமலே வழுக்கி வந்துவிடும். பொறுமைதான் வேண்டும், நகத்தால் சுரண்டாதீர்கள்.

பண்ருட்டிப் பக்கம் பலா மரத்தடி என்றால் கதையே வேறு. பலாப்பால் வெந்நீருக்கு அசையாது. பழம் அரியும் முன் கையில் எண்ணெய் தடவுகிறோமே, அதே எண்ணெய்தான் இங்கேயும்: தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெதுவாக வழித்தெடுங்கள். ஒரே தொல்லை, எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டும், அப்புறம் கார் ஷாம்பு போட்டுக் கழுவியே ஆக வேண்டும்.

இரண்டையும் நிழலில், பானட் ஆறிய பிறகு செய்யுங்கள். தின்னரை மட்டும் தொடவே வேண்டாம், பிசினோடு மேல்பூச்சும் போய்விடும்.