சிறிய டிராக்டரும் பேக்ஹோவும்: திருவட்டாற்று விளையில் ஓராண்டு

திருவட்டாற்றுக்கு அருகே எங்களுக்கு 2 ஏக்கரில் தென்னையும் வாழையும் நிற்கும் விளை ஒன்று இருக்கிறது. இருபுறமும் கய்யாலை (மண், கல் வைத்துக் கட்டிய எல்லைச் சுவர்) கட்டிய குறுகிய வழியில் பெரிய ஜேசிபி நுழையாது. நுழைந்தாலும் 7 டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டி ஈரச் செம்மண்ணை இறுக்கிவிட்டுத்தான் போகும். நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் 3 அடி கொண்ட தென்னங்குழியை மம்பட்டியால் வெட்ட ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. அதனால்தான் 27 குதிரைத்திறன் கொண்ட, நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டரையும், அதன் பின்னால் மாட்டும், முனையில் பக்கெட் உள்ள தோண்டும் கையான பேக்ஹோவையும் வாங்கினோம்.

வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது, வண்டியின் அடியில் முன்பக்கம் வரை நீளும் இரும்புச் சட்டம் உண்டா என்பதுதான். பின்பக்க மூன்று முனை இணைப்பில் மட்டும் மாட்டும் பேக்ஹோ விலை குறைவு என்றாலும், பக்கெட் வேரில் சிக்கி இழுக்கும்போது அந்த விசை முழுவதும் கியர் பெட்டியும் கிளட்சும் சேரும் இடத்தில் ஏறி, வார்ப்பிரும்பில் விரிசல் விழக்கூடும். சட்டம் தேவையில்லை என்று கடைக்காரர் கூறியபோதும் நாங்கள் விடாமல் கேட்டு வாங்கினோம்.

இயந்திரத்தில் எனக்கு நிறைவு உண்டு, பயிற்சியில் இல்லை. கடையிலிருந்து வந்தவர் சமதளமான முற்றத்தில் அரை மணி நேரம் காட்டிவிட்டுச் சென்றார். ஆனி மாதச் சாரலில் சரிவில் நிறுத்தித் தோண்டியபோது, வண்டி அசையாமலிருக்க இருபுறமும் ஊன்றும் தாங்குகால்களில் கீழ்ப்பக்கத்தது சேற்றில் புதைந்து வண்டி சாய்ந்தது. பக்கத்து விளையில் வேலை செய்த ஜேசிபி ஓட்டும் தம்பி ஓடி வந்து, "பக்கெட்ட மண்ணுல ஊணுங்க அண்ணா, கைய வெளிய நீட்டாதீங்க" என்றார். அவர் சொன்னது பேக்ஹோவின் கையை. பக்கெட்டை ஊன்றிய பிறகே வண்டி சாயாமல் நின்றது. தாங்குகாலின் கீழே பலகை வைப்பதையும், அள்ளிய மண்ணை மேட்டுப் பக்கமே கொட்டுவதையும், இருக்கையில் அமராமல் நெம்புகோலைத் தொடக் கூடாது என்பதையும் அவரிடமே கற்றேன். இடது கோல் பெரிய கையைத் தூக்கித் திருப்புகிறது. வலது கோல் சிறிய கையையும் பக்கெட்டையும் இயக்குகிறது. இரண்டையும் சேர்த்து மெதுவாக நகர்த்தப் பழக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. முதல் நாள் மணிக்கு இரண்டு குழி, இப்போது ஆறு.

வெட்டுக்கல் எனப்படும் கெட்டியான செந்நிறக் கல் அடுக்கு தட்டினால் இந்த இயந்திரத்தால் ஆகாது. அப்படிப்பட்ட நிலமுடையோர் பல் வைத்த குறுகிய பக்கெட் வாங்குவது நல்லது. அதுவும் மேலடுக்கைச் சுரண்டவே உதவும். கைகளின் மூட்டுகளில் உள்ள பின்களுக்கு 10 மணி நேர வேலைக்கு ஒருமுறை கிரீஸ் வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் கையை இயக்கும் எண்ணெய் செல்லும் ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று வெடித்து, மாற்று வந்து சேர ஒன்பது நாள் ஆனதால், இப்போது இரண்டு ஹோஸ்களைக் கைவசம் வைத்திருக்கிறோம்.